யாரோ வெட்டிய சடை

மில் மூடிய பிறகு அந்தத் தெருவின் வாசனையே மாறிப்போயிருந்தது. முன்பெல்லாம் காலையில் கதவைத் திறந்தால் அறுத்த மரத்தின் வாசனைதான் வரும். ஈரமரம் அறுபடுகிற நாளில் லேசான புளிப்பு இருக்கும். காய்ந்த மரமென்றால் மூக்கைக் குடையும். கொடியில் கிடக்கும் துணியை உதறினால் மரத்தூள் பறக்கும். ஆம்பளைகள் புருவத்தில் மரத்தூளோடுதான் சாப்பிட உட்காருவார்கள். இப்போது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பிஸ்கட் கம்பெனி வந்துவிட்டது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மத்தியானம் தெரு முழுக்க வெந்த மாவும் சர்க்கரையும் மணக்கும். பிள்ளைகளுக்கு அதில் பசி கிளம்பும், வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆம்பளைகளுக்கு எரிச்சல் கிளம்பும். கம்பெனிக்காரன் வேலைக்கு எடுத்ததெல்லாம் பெண்பிள்ளைகளைத்தான். பெல்ட்டில் ஓடி வரும் பிஸ்கட்டை உடையாமல் எடுத்து அடுக்க அந்த விரல்தான் சரிப்படும் என்று சொல்லிவிட்டான். காலையில் கம்பெனி வண்டி தெருமுனையில் நின்று ஹார்ன் அடிக்கும். ஏழெட்டுப் பெண்கள் ஈரத் தலையோடு ஓடுவார்கள். அப்பாமார்கள் டீக்கடை பெஞ்சிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த அப்பாக்களில் ஒருவர் மேஸ்திரி. மில்லில் பெரிய ரம்பத்தைப் பார்த்துக்கொண்டவர். மில் போய்விட்டாலும் மேஸ்திரி என்ற கூப்பாடு மட்டும் மிச்சம் இருந்தது. அவருக்கு இரண்டு பெண்கள். சின்னவள் கம்பெனி வண்டியில் போகிறவள். பெரியவள் வீட்டிலேயே காஜா எடுப்பாள். தையல் கம்பெனியிலிருந்து சட்டைகள் கட்டுக்கட்டாக வரும். பட்டன் ஓட்டையை வெட்டி, ஓரத்தை நூலால் அடைத்து, பட்டன் தைத்து, பிசிறு நறுக்கி, மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மா இறந்த கையோடு ஜன்னலோரத்து முக்காலியில் உட்கார்ந்தவள், தங்கச்சியை ஆளாக்கி, அப்பாவுக்கு ஆக்கிப்போட்டு, நிமிர்ந்து பார்த்தபோது வயது முப்பத்திரண்டு ஆகியிருந்தது. அவளுக்கு வரன் வராமல் இல்லை. வந்த நேரத்திலெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்று தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மத்தியான வெயிலில் முடிக்காரர் வருவார். சீப்பில் உதிர்கிற முடியைப் பெண்கள் சுருட்டிச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதை எடை போட்டு வாங்கிக்கொண்டு, பதிலுக்குச் சீப்பு, ஹேர்ப்பின், ஊசி, நூல், பட்டன் என்று கொடுப்பார். நெடுநெடுவென்று வளர்ந்து, சைக்கிள் மிதித்து மிதித்துக் கூன் விழுந்த மனுஷர். நாற்பது இருக்கும். மனைவி தவறிப்போய்ப் பல வருஷம் ஆனவர் என்று அவராகவே ஒருநாள் சொன்னார். தெரு முழுக்க முடித்துவிட்டு மேஸ்திரி வீட்டு ஜன்னலுக்குத்தான் கடைசியாக வருவார். அங்கேதான் சுவர் நிழல் விழும். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சைக்கிளில் சாய்ந்தபடி ஏதாவது பேசுவார். எந்தத் தெருவில் நாய் துரத்தியது, எந்த வீட்டம்மா முடிக்குள் கல்லை வைத்து எடையை ஏற்றப் பார்த்தாள், இந்த முடியெல்லாம் கப்பலேறிப் போய் எங்கேயோ ஒரு வழுக்கைத் துரை தலையில் உட்காரப்போவது, இப்படி. பெரியவள் ஊசியை நிறுத்தாமல் கேட்பாள். சில நேரம் சிரிப்பு வந்து ஊசி விரலில் குத்தும். அரை மணி நேரம். அப்புறம் அவர் போய்விடுவார். அந்த அரை மணி நேரத்துக்கு அவள் எந்தப் பேரும் வைத்ததில்லை. அவர் வருகிற நாளில் மட்டும் மத்தியானம் இன்னொரு தடவை முகம் கழுவிக்கொள்வாள். அவ்வளவுதான்.

அந்த வருஷம் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. ராத்திரியிலும் சுவர் சுட்டது. சின்னவள் ஜன்னலைத் திறந்து வைத்து, அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை. பிறந்ததிலிருந்து அவளைப் பற்றி யார் பேசினாலும் சடையில்தான் ஆரம்பிப்பார்கள். அந்த மாதம் ஒரு வரன் வந்ததுகூடச் சடையைக் கேள்விப்பட்டுத்தான். மாப்பிள்ளைப் பையனின் அம்மா வந்து, பார்த்து, எல்லாம் பிடித்திருக்கிறது, அடுத்த வாரம் நாள் குறித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் ஒரு காலையில் சின்னவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தபோது சடை இல்லை. கழுத்தை ஒட்டி ஏதோ கடித்துக் குதறியதுபோல முடி சிலும்பி நின்றது. தூக்கத்தில் யாரோ இழுத்த மாதிரி இருந்தது, கண் திறப்பதற்குள் போய்விட்டார்கள் என்றாள். மேஸ்திரி ஜன்னலுக்கு வெளியே போய்ப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். பிறகு டீக்கடைக்குப் போனார். அங்கே பால் பொங்குவதற்குள் அது ஒரு நெட்டை ஆளாகிவிட்டது. மத்தியானத்துக்குள் கறுப்புத் துணி போர்த்திய இரண்டு பேர் ஆனது. சாயங்காலம் அவர்கள் கையில் மயக்க மருந்து அடிக்கிற டப்பா வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து, பிள்ளை பயந்திருப்பாள், முடி வளரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சில நாள் கழித்துப் பெரியவளின் நூல் வெட்டும் கத்தரி சரியாகத் திறக்காமல் மக்கர் பண்ணியது. திருகாணியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே நீளமாக இரண்டு மூன்று முடி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் முடி அவ்வளவு நீளம் கிடையாது. மொட்டை மாடியில் சின்னவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் ஏறிப்போய்ப் பக்கெட்டிலிருந்து ஒரு போர்வையை எடுத்து உதறினாள்.

"கத்தரிய எடுத்தா எடுத்த இடத்துல ஒழுங்கா வைக்கணும்," என்றாள்.

சின்னவள் கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் தண்ணீர் இல்லை.

"எப்பத் தெரியும்?"

"இப்பதான். சடை எங்க?"

"பரண்ல. ரிஜெக்ட் சட்டை மூட்டை இருக்குல்ல, அதுக்குள்ள." பிழிந்த துணியைக் கொடியில் விரித்தாள். "அந்தம்மா வந்து என் சடையத் தூக்கிப் பாத்தாங்கல்லக்கா. கயிறு வாங்குறவங்க நுனியப் பிரிச்சுப் பாப்பாங்களே, அப்படி. அப்புறம் அப்பாகிட்ட, எங்க வீட்ல பொண்ணுங்கள வேலைக்கு அனுப்புறதில்லன்னாங்க. அப்பா சரின்னுட்டாரு. நீயும் டீ டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிட்ட."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"யாருகிட்ட சொல்றது? மில்லு மூடினதுலருந்து அப்பா அன்னைக்குத்தான் சிரிச்சாரு. இந்த முடி திரும்ப வளர எப்படியும் ரெண்டு வருஷமாகும். ரெண்டு வருஷம் நான் பாட்டுக்கு வண்டியில போவேன், வருவேன். அவ்வளவுதான் நெனச்சேன்."

"அதுக்கு யாரோ வெட்டிட்டாங்கன்னு சொல்லணுமா?"

"யாரோன்னுதான்க்கா சொன்னேன். அந்த யாரோவுக்குக் கை காலெல்லாம் இவங்கதான் வச்சாங்க."

பெரியவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது. இரண்டு பேரும் ஈரப் போர்வைக்குப் பின்னால் நின்று, கீழே கேட்காமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாலு நாள் பேசுவார்கள், அடங்கிவிடும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அடங்கவில்லை. அடுத்த வாரம் மாடி வீட்டு அண்ணியின் சடை போனது. அண்ணியின் புருஷன் கடல் தாண்டி ஏதோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்வார், அதுவும் பாதியில் அறுந்துவிடும். சடை போன பிறகு தினமும் செய்தார். கதவைச் சாத்தினாயா, தனியாகப் படுக்காதே, நானே இங்கே தூங்கவில்லை என்றெல்லாம் சொல்கிறார் என்று அண்ணி கழுத்தளவு முடியைத் தடவிக்கொண்டே சொன்னபோது, அவள் முகத்தில் பயம் என்று ஒரு துளி இல்லை. பெரியவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஊசியில் நூல் கோர்க்க ஆரம்பித்தாள்.

அப்புறம் பின் தெருவில் ஒரு பள்ளிக்கூடப் பெண். அவளுக்கு மறுநாள் பரீட்சை. அதற்கப்புறம் மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தனி அறையில் கிடந்த ஒரு டீச்சர். சடை போனதும் மருமகள் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் படுத்தாளாம். சிலர் நிஜமாகவே நடுங்கினார்கள். தலையணையில் நாலு முடி கிடந்தாலே அலறினார்கள். போன் எல்லாவற்றிலும் எந்த ஊர் என்றே தெரியாத படங்கள் வந்தன. ஒரு படத்தில் வெட்டுப்பட்ட சடைகள் வரிசையாகத் தொங்கின. அது ஏதோ சவுரி விற்கிற கடை மாதிரி இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் யார் கேட்பது? சடை போனவள் ஒவ்வொருத்தியையும் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எப்படி வந்தான் என்று நூறு பேர் கேட்டார்கள். உனக்கு என்னம்மா குறை என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆம்பளைகள் காவல் போட்டார்கள். மேஸ்திரிதான் தலைமை. முதலில் பாதிக்கப்பட்ட வீடு அவருடையதுதானே. மூடிக்கிடந்த மில்லின் பின்கதவைத் திறந்து, உள்ளே மிஞ்சிக் கிடந்த சட்டங்களைச் சீவி ஆளுக்கொரு தடி செய்தார்கள். விசில் வாங்கினார்கள். யார் எந்த மூலையில் நிற்பது, யார் எப்போது மாறுவது என்று மேஸ்திரி முறை போட்டுக் கொடுத்தார். மில்லில் ஷிப்ட் போட்ட அதே குரல். இத்தனை நாள் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவர், இப்போது சாயங்காலம் குளித்து, சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி இருக்கிறதா என்று கேட்டார். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தெருவில் நடந்தால் பெண்கள் கதவைத் திறந்து, மேஸ்திரி இருக்கிறார், இனி பயமில்லை என்றார்கள். பெரியவள் சட்டையைத் தேய்த்துக்கொண்டே அவரைப் பார்ப்பாள். இந்த அப்பாவை அவள் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது. சும்மா கிடந்த கைகளுக்கெல்லாம் வேலை கிடைத்துவிட்டது என்று தோன்றும். அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனால் காவல் காக்கிறவர்களுக்குக் காத்துக்கொண்டே இருந்தால் போதவில்லை. ஆளைப் பிடிக்க முடியாதபோது பேச்சு வேறு பக்கம் போனது. பெண்பிள்ளைகள் இருட்டின பிறகு வண்டியிலிருந்து இறங்குகிறார்கள். முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆளுக்கொரு போன், யாரிடம் என்ன பேசுகிறார்களோ. இந்தச் சடை வெட்டுகிறவன் எங்கிருந்து வந்தான், இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் வந்தான் என்று ஒருவர் கேட்க, கம்பெனி வந்த பிறகுதான் வந்தான் என்று இன்னொருவர் சொல்ல, அதற்கு மேல் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மில் முற்றத்தில் கூடிப் பேசினார்கள். ஆள் பிடிபடுகிறவரை பெண்கள் யாரும் வேலைக்குப் போக வேண்டாம் என்று முடிவாயிற்று. அதை எழுந்து நின்று சொன்னவர் மேஸ்திரி.

மறுநாள் காலையில் வண்டி வந்து ஹார்ன் அடித்தது. கொஞ்ச நேரம் நின்றது. காலியாகப் போனது. சின்னவள் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சத்தம் தேய்ந்து போகிறவரை கேட்டாள்.

"ரெண்டு வருஷம் வாங்கலாம்னு போனேன். கையில இருந்ததும் போச்சு," என்றாள்.

"சொல்லிடலாமா?" என்று பெரியவள் கேட்டாள்.

சின்னவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். மேஸ்திரி படியில் உட்கார்ந்து, விசிலுக்குப் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஊதிப் பார்த்து, திருப்தியில்லாமல், ஒரு தீக்குச்சியால் அதற்குள்ளிருந்த தூசியை எடுத்தார். இரண்டு பேரும் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வாரம்தான் டீக்கடையில் யாரோ, முடியை வெட்டி அவன் என்ன செய்வான், விற்கத்தானே செய்வான், முடி வாங்குகிறவன் யார் என்று கேட்டிருக்கிறார்கள். ராத்திரி சாப்பிடும்போது மேஸ்திரி அதைச் சொன்னார். பெரியவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. அவரா, அவர் எத்தனை வருஷமாக வருகிறவர் என்றாள். அதுதான், எல்லா வீடும் அவனுக்குத் தெரியும், யார் தலையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும், ஜன்னல் ஜன்னலாக நின்று பேசுகிறவன் என்றார் மேஸ்திரி. கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார்.

முடிக்காரர் வர வேண்டிய வாரத்தில் வரவில்லை. விஷயம் காதில் விழுந்திருக்கும், விவரமான மனுஷர், இந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார் என்று பெரியவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் வரக்கூடாது என்றே ஒவ்வொரு மத்தியானமும் நினைத்தாள். நினைத்துக்கொண்டே போய் முகம் கழுவினாள்.

அவருக்குக் காய்ச்சலாம். அதனால்தான் அந்த வாரம் வராமல் போனது, எதுவும் காதில் விழாமலும் போனது. அடுத்த வாரம், வெயில் உச்சிக்கு ஏறியிருந்த நேரத்தில், எப்போதும்போல் தெருமுனையில் திரும்பினார். பெரியவள் சத்தம் கேட்டு ஜன்னலுக்குத் தலையைத் திருப்பியபோது அவரைச் சுற்றி இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். சைக்கிள் கைப்பிடியை மேஸ்திரி பிடித்திருந்தார். இன்னொரு கையில் தடி. எப்போதும் வருகிற தெருதானே ஐயா, என்ன விஷயம் என்று முடிக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டார். யாரோ மூட்டையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். கறுப்பும் நரையுமாக முடி உருண்டைகள் தெருவில் கொட்டின. காற்று அவற்றை மெதுவாக நகர்த்தியது. இது யார் முடி, சொல்லு, யார் முடி என்று ஒருவன் கேட்டுக் கன்னத்தில் அறைந்தான். உதடு கிழிந்தது. அது யார் முடி என்று படிகளில் நின்ற அத்தனை பெண்களுக்கும் தெரியும். போன தடவை வந்தபோது அவர்கள் விற்றதுதான். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கூட்டம் கொஞ்சம் விலகி, மேஸ்திரிக்கு இடம் விட்டது. முதல் அடி அவருடையதாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

பெரியவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பரணிலிருந்து ரிஜெக்ட் மூட்டையைத் தள்ளினாள். சட்டைகளுக்கு நடுவே சடை சுருண்டு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சின்னவள் நிலைப்படியில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளை முழங்கையால் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள். மண் காலைச் சுட்டது. செருப்பு போட மறந்திருந்தாள்.

"அப்பா, இந்தாங்க."

மேஸ்திரி சைக்கிளை விட்டுவிட்டு அதை வாங்கினார். சடையை நீளவாக்கில் பார்த்தார், பிறகு நுனியைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கருந்து எடுத்த?"

"நம்ம வீட்டுப் பரண்லருந்துதான்."

"யாரு வச்சது?"

சடை வீட்டிலேயே இருந்தது என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. பின்னால் கதவை உள்ளிருந்து சின்னவள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நான்தான். நான்தான் வெட்டினேன்."

ஏன் என்று மேஸ்திரி கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் தயாராக இல்லை. தேவைப்படவும் இல்லை. படியில் நின்ற ஒருத்தி, தங்கச்சிக்கு நல்ல இடம் அமைஞ்சது பொறுக்கல என்றாள். வயசு ஏறிப்போச்சுல்ல, மனசு கெட்டுப்போச்சு என்றாள் இன்னொருத்தி. எப்பப் பாரு ஜன்னல்லயே உட்காந்திருக்கும்போதே நெனச்சேன் என்றார் ஒரு பெரியவர். ஏக்கம் பிடிச்சுப்போய்ப் பண்ணியிருக்கா, வேற என்ன என்று டீக்கடைக்காரர் முடித்துவைத்தார். கண் மூடித் திறப்பதற்குள் கதை முழுசாகிவிட்டது. அந்த நெட்டை ஆள், கறுப்புத் துணி, மயக்க மருந்து எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அத்தனை பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னதில் ஏக்கம் என்ற ஒரு வார்த்தை மட்டும் பொய்யில்லை என்று அவளுக்குப் பட்டது.

அந்த ஏக்கம் அவளுக்கு இரண்டடி தள்ளி, உதட்டில் ரத்தத்தோடு நின்றுகொண்டிருந்தது. அவர் அவளை ஒருதடவை பார்த்தார். என்ன பார்வை அது என்று அவளால் பிடிக்க முடியவில்லை. பிறகு குனிந்து முடியைப் பொறுக்க ஆரம்பித்தார். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மாடி வீட்டு அண்ணி மட்டும் இறங்கி வந்து, அவருக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், உருண்டை உருண்டையாக எடுத்து மூட்டையில் போட்டாள். தள்ளுமுள்ளில் சைக்கிளின் முன்சக்கரம் கோணிவிட்டிருந்தது. அதைத் தூக்கித் தூக்கித் தள்ளிக்கொண்டே அவர் தெருமுனை வரைக்கும் போனார்.

அன்று ராத்திரி யாரும் காவலுக்குப் போகவில்லை. மற்றவர்கள் சடையை வெட்டியது யார் என்ற கேள்வி பாக்கி இருந்தது. சிலர் அதுவும் இவள்தான் என்றார்கள். பலர் அந்தப் பேச்சு வந்தாலே வேறு பேச்சுக்குத் தாவினார்கள். சடை போனவர்கள் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பத்துப் பதினைந்து நாளில் கம்பெனி வண்டியில் மறுபடி கூட்டம் ஏறியது. கடல் தாண்டியிருந்தவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்தார். போன்களில் இப்போது பாலில் என்ன கலக்கிறார்கள் என்ற படம் சுற்றியது.

சின்னவள் எத்தனையோ தடவை அழுதாள். அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்பாள். நீ வண்டியைப் பார்த்துப் போ என்று பெரியவள் சொல்லிவிடுவாள். அது தியாகம் ஒன்றும் இல்லை. சொல்லித் தெருவை மறுபடி வாசலுக்குக் கூட்டி வர அவளுக்குத் தெம்பில்லை. குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுபோகும். சின்னப் பிள்ளைகளின் தலையைத் தாய்மார்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். கோபமாகக்கூட இல்லை, பழக்கம்போல. அவளும் பழகிக்கொண்டாள். மாடி வீட்டு அண்ணி மட்டும் மத்தியானத்தில் இறங்கி வந்து கூட உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுப்பாள். ஏன் வருகிறாள் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

மேஸ்திரி அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு ஒருநாள் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. கேட்டில் நிற்க வாட்ச்மேன் வேண்டுமாம், ராத்திரியெல்லாம் தெருவைச் சுற்றி வந்தவர் என்று கேள்விப்பட்டார்களாம். வேலைக்குச் சேர்ந்த நாள் சாயங்காலம், புதுச் சட்டைக்குப் பட்டன் இறுக்கித் தரச் சொல்லி அவளிடம் வந்து நின்றார். அவள் தைத்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னார்.

"அந்தச் சடைய நீ வெட்டல."

ஊசி நின்றது.

"ரம்பம் பிடிச்சுப் பழகாதவன் அறுத்த மரம் மாதிரி இருந்துச்சு, நாலா பக்கமும் சிலாம்பு சிலாம்பா. நீ வெட்டியிருந்தா நேரா இருக்கும்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"கையில வாங்கினப்பவே."

அவள் நூலைக் கடித்து அறுத்தாள். அறுத்த பிறகும் சட்டையைக் கொடுக்கவில்லை. மேஸ்திரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எல்லாரும் என் கையையே பாத்துக்கிட்டு நின்னாங்க. நீ மட்டும் வராம இருந்திருந்தா அடிச்சிருப்பேன். ஓங்கிட்டேன் மனசுக்குள்ள. நீ வந்து நான்தான்னு சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. அப்பவே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வரல." சட்டைக்குக் கை நீட்டினார். "எனக்குத் தெரியும்னு சின்னவகிட்ட சொல்லிடாத."

சரி என்று அவள் சட்டையைக் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு, பட்டனைச் சரிபார்த்து, கிளம்பிப் போனார். அவர் போன பிறகுதான் அவள் கொஞ்சம் அழுதாள். அதுவும் அப்பாவுக்காகவா தனக்காகவா என்று தெரியவில்லை.

முடிக்காரர் அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கு வரவில்லை. மழை ஒரு பருவம் வந்து போனது. மத்தியானங்கள் நீளமாகிவிட்டன. சுவர் நிழல் விழுகிற நேரம் வந்தால் அவள் கை தானாக நிதானித்துவிடும். பேச வேண்டியதெல்லாம் அவளுக்குள் சேர்ந்துகொண்டே போனது. அன்றைக்குப் பார்த்தீர்களே, அப்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். நான் வெட்டவில்லை என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் சொல்ல வேண்டும். சில நாள் சட்டையின் காலரைப் பார்த்தே அதைச் சொல்லிப் பார்ப்பாள். அவர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களுக்கு வருகிறார் என்று மாடி வீட்டு அண்ணிதான் ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு, உன் பங்கு சட்டையையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் கையிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டாள்.

பெரியவள் பாதையைத் தாண்டிப் போனாள். பிஸ்கட் வாசனை அங்கே இன்னும் கனமாக இருந்தது. இரண்டாவது தெருவிலேயே சைக்கிள் நின்றது. முன்சக்கரம் புதுசு. ஒரு வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் சூழ்ந்திருக்க, அவர் தராசைத் தூக்கிப் பிடித்திருந்தார். கூன் இன்னும் கொஞ்சம் விழுந்திருந்தது. உதட்டோரத்தில் ஒரு தழும்பு. அவள் தெருவின் எதிர்ப்பக்கம் வந்து நின்றதை அவர் பார்த்துவிட்டார். தராசு முள் ஆடி நின்ற பிறகும் கையை இறக்கவில்லை.

இத்தனை வருஷத்தில் அவர் அவளை எந்த முறை வைத்தும் கூப்பிட்டது கிடையாது. தெருவில் மற்றவர்களுக்கு அக்கா, அம்மா, தங்கச்சி, அண்ணி என்று வாய் நிறைய முறை வைப்பார். அவள் ஜன்னலுக்கு வந்தால் மட்டும் எதுவும் இல்லாமல், சாப்டீங்களா, தண்ணி இருக்கா என்று ஆரம்பித்துவிடுவார். அவளும் அப்படித்தான். அதை இருவருமே கவனித்திருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யார் இவள், எதற்கு இங்கே நின்று இவரைப் பார்க்கிறாள் என்று ஒருத்தியின் கண் மேலும் கீழும் போனது. அவர் அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு தராசை இறக்கிவிட்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, நன்றாகச் சிரித்த முகத்தோடு சொன்னார்:

"வாங்க தங்கச்சி. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

பெண்கள் திரும்பிக்கொண்டார்கள். தராசில் அடுத்த முடி ஏறியது.

"சௌக்கியம்ண்ணா," என்றாள் பெரியவள்.